திங்கட்கிழமை வரும் சிக் நோட்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தென்பகுதியில் ஒரு சிறிய தையல் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். சம்பளம் போடுவது, லீவ் கணக்குப் பார்ப்பது, டாக்டர் கொடுக்கும் சிக் நோட்டுகளைக் கோப்பில் சேர்ப்பது எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்தக் கோப்பைப் புரட்டப் புரட்ட ஒரு விஷயம் கண்ணில் பட்டது. திங்கட்கிழமைகளில் நோட்டுகள் குவியும், அதுவும் ஒரே ஒரு லைனிலிருந்து. பக்கத்து லைனிலும் அதே துணி, அதே மெஷின், அதே சம்பளம். ஆனால் அங்கே இவ்வளவு தலைவலியும் முதுகுவலியும் வயிற்றுக் கோளாறும் இல்லை.

விசாரித்தபோது வித்தியாசம் சூப்பர்வைசரிடம் இருந்தது தெரிந்தது. ஒரு மணி நேர டார்கெட்டில் இரண்டு சட்டை குறைந்தால் அவர் எல்லார் முன்னாலும் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார். யாராவது கழிப்பறைக்கு எழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். இன்றைக்கு ஓவர்டைம் உண்டு என்பதை மாலை வேலை முடிகிற நேரத்தில்தான் சொல்வார். பிள்ளையை யார் கூட்டிவருவது, இருட்டிய பிறகு எந்த டாக்ஸியைப் பிடிப்பது என்று பெண்கள் தவித்துப்போவார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஒரு ஆண்ட்டி, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஞாயித்துக்கிழமை சாயந்தரமானாலே நெஞ்சு படபடங்குது தம்பி. டாக்டர்கிட்ட அத எப்படிச் சொல்றது? தலைவலின்னு சொன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை. தலைவலி உண்மையாகவே வந்தது. அதன் வேர்தான் தலைக்குள் இல்லாமல் தொழிற்சாலைக்குள் இருந்தது.

மன அழுத்தம் என்று பேச்சு எடுத்தால் பலரும் உடனே தொழிலாளியின் மனதைத்தான் பார்க்கிறார்கள். தியானம் செய், நன்றாகத் தூங்கு, எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்கிறார்கள். நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை யோகா வகுப்பு வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஆளுக்கு ஒரு ஆப்பிள் கொடுக்கின்றன. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அறுபது ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காட்டுவது வேறு ஓர் இடத்தை. வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது, அதில் செய்பவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, குறை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற மூன்றும்தான் அது.

லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. வைட்ஹால் ஆய்வு என்று பெயர். பெரிய பதவி, பெரிய பொறுப்பு, அதனால் பெரிய அதிகாரிக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருந்தது. பதவி ஏணியில் இறங்க இறங்க இதய நோயால் இறப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தது. தன் வேலையைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உரிமை குறைவாக இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அது காட்டியது.

இதற்கு நடுவே 1979-இல் ராபர்ட் கரசெக் என்ற ஆய்வாளர் எளிமையான ஒரு விளக்கத்தைச் சொல்லியிருந்தார். வேலை கடினமாக இருப்பதால் மட்டும் ஆள் உடைவதில்லை. கடினமான வேலையும் கைகட்டிய நிலையும் ஒன்றுசேரும்போதுதான் உடைகிறார். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் பாரம் உண்டு, லைனில் காலர் தைப்பவருக்கும் பாரம் உண்டு. முதலாமவர் எப்போது நிறுத்தலாம், எப்படிச் செய்யலாம் என்பதைத் தானே முடிவு செய்கிறார். காலர் தைப்பவருக்குத் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதற்குக்கூட அனுமதி வேண்டும். உடம்பு அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. ஆபத்து வந்தால் ஓடுவதற்காகச் சுரக்கும் அட்ரினலினும் கார்டிசோலும் அடங்காமல் நாள் முழுக்கச் சுரந்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், கழுத்தும் தோளும் இறுகும். ஆண்ட்டியின் தலைவலிக்கு இதுவே போதும்.

உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன்அவுட்' என்ற நிலையைச் சேர்த்தபோது சொற்களைக் கவனமாகவே தேர்ந்தெடுத்தது. அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நெடுநாளாக இருந்தும் சரிசெய்யப்படாத அழுத்தத்தால் வரும் நிலை என்று விளக்கியது. சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலை மீதே கசப்பு வந்து மனம் விலகுவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் என்று மூன்று அடையாளங்களையும் கொடுத்தது. அதே நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இறப்புகள் சுமார் 7,45,000.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். வேலையிடத்துத் துன்பம் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததே கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுவரத்தான். பல ஆண்டு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தக்கூலிச் சட்டத்தில் நான் மிகக் கொடியதாகக் கருதுவது, முதலாளியை விட்டுப் போவது குற்றம் என்று வைத்திருந்ததை. சாதாரண வேலைக்காரன் விட்டுப்போனால் முதலாளி நஷ்டஈட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக்கூலி விட்டுப்போனால் ஜெயில். 1894 வாக்கில் பாலசுந்தரம் என்ற தமிழர் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். அடித்தவர் அவருடைய முதலாளி. காந்தி அவரை முதலில் டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார். முதலாளியைத் தண்டிக்க வேண்டும் என்பதைவிட, பாலசுந்தரத்தை அந்த இடத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. கடைசியில் ஒப்பந்தம் வேறு ஒரு முதலாளிக்கு மாற்றப்பட்டது.

அந்தச் சம்பவத்தில் எனக்குப் பாடமாகத் தெரிவது அதன் வரிசை. முதலில் மருத்துவச் சான்று, அடுத்து புகாரைக் கேட்கும் ஓர் அதிகாரி, பிறகு வெளியேற ஒரு வழி. இந்த மூன்றும் இல்லாத வேலையிடம் இன்றும் ஆளை நோயாளியாக்குகிறது.

இன்னொரு பாரம் தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே இருந்தே வருகிறது, அது தூரம். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த தமிழரும் தெலுங்கரும் ஒருகாலத்தில் நகரத்தை ஒட்டிய மாகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தார்கள். வேலைக்கு நடந்தே போகலாம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் வந்த பிறகு, 1960-களில் அவர்களும் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இருந்தவர்களும் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1970-களில் வடக்கே ஃபீனிக்ஸ் குடியிருப்பு எழுந்தது. சட்டம் போய்விட்டது, வீடுகள் அங்கேயேதான் இருக்கின்றன. ஏழு மணி ஷிப்டுக்கு நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, மினிபஸ் டாக்ஸி மாறி வருபவரின் வேலை நாள் எட்டு மணி நேரமாகக் காகிதத்தில் இருந்தாலும் உடம்புக்கு அது பதின்மூன்று மணி நேரம். தாமதமாக வந்த ஐந்து நிமிடத்துக்காக அவரைத் திட்டுவது எந்த விதத்திலும் நியாயமில்லை. அரை மணி முன்பின்னாக வந்து போகலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தால் முதலாளிக்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

சரி, இன்றைய சட்டம் என்ன தருகிறது?

1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிலைமைகள் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை வாங்கக்கூடாது என்கிறது. ஓவர்டைம் வாரத்துக்கு 10 மணி நேரம் வரைதான், அதுவும் தொழிலாளி ஒத்துக்கொண்டால்தான். சம்பளம் ஒன்றரை மடங்கு. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, ஒப்பந்தம் இருந்தால் அதை அரை மணியாகக் குறைக்கலாம். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 12 மணி நேரமும், வாரத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 36 மணி நேரமும் ஓய்வு. மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரையுள்ள இரவு வேலைக்குத் தனிப் படி அல்லது குறைந்த நேரம், வீட்டுக்கும் வேலைக்கும் போய்வர வண்டி வசதி. ஆடைத் தொழில் போன்ற சில துறைகளுக்குத் தனிப் பேச்சுவார்த்தை மன்றம் உண்டு. அங்கே போடப்படும் ஒப்பந்தம்தான் அந்தத் துறைக்குச் செல்லும்.

சிக் லீவ் கணக்கு பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகள் ஒரு சுற்று. அந்தச் சுற்றில் ஆறு வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்வீர்களோ அத்தனை நாள் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 30 நாள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் மட்டும் 26 வேலை நாளுக்கு ஒரு நாள் என்று கணக்கு. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலோதான் சான்று கேட்கலாம். அந்தச் சான்றைப் பொது மருத்துவர் மட்டுமல்ல, நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தகுதி பெற்று, சட்டப்படியான தொழில்முறை மன்றத்தில் பதிவு செய்தவரும் கொடுக்கலாம். பதிவு பெற்ற உளவியலாளரும் அதில் வருவார். ஆண்ட்டிக்கு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் நெஞ்சு படபடப்பைத் தலைவலி என்று மாற்றிச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கே அப்போது தெரியாது.

சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஆண்டு வருமானம் குறிப்பிட்ட ஒரு வரம்பைத் தாண்டியவர்களுக்கு வேலை நேரம், ஓவர்டைம், சாப்பாட்டு இடைவேளை, ஓய்வு பற்றிய விதிகள் பெரும்பாலும் பொருந்தாது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 2,61,748.45 ராண்ட் ஆனது. மாதக் கணக்கில் 22,000 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்காவில் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் மென்பொருள்காரர், கணக்கர், கிளை மேலாளர் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களில் பலரும் அப்படித்தான். கூடவே அவர்களுடைய விசாவும் அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும். வேலையை விட்டால் நாட்டை விட வேண்டிவரும் என்ற பயத்தில் இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் உடனே பதில் போடுகிறார்கள். நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் வைட்ஹால் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். பணம் கூடியும் பிடி இல்லாவிட்டால் உடம்பு தாங்காது.

இந்த விஷயத்தில் ரீயூனியன் தீவுத் தமிழர்கள் நம்மைவிட ஒரு படி முன்னால் இருக்கிறார்கள். அங்கே பிரெஞ்சுச் சட்டம். 2017 ஜனவரி 1 முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே போனையும் மின்னஞ்சலையும் அணைத்துவைக்கும் உரிமை பற்றித் தொழிலாளர்களோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி ஒரு சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் அவசரம் என்றால் போன் பண்ணுகிறேன், செய்தி வந்தால் காலையில் பார்த்தால் போதும் என்று ஒரு மேலாளர் தன் குழுவிடம் சொன்னால் அந்தக் குழு அன்றிரவே நிம்மதியாகத் தூங்கும்.

அடுத்து நாக்கு. வேலைப் பளுவைவிட அவமானம்தான் ஆளை அதிகம் அரிக்கிறது என்பது என் அனுபவம். தென்னாப்பிரிக்கா 2021 நவம்பரில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வேலை உலகில் வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை அது. தொடர்ந்து 2022 மார்ச் 18 அன்று துன்புறுத்தலைத் தடுக்கும் நடத்தை நெறி வந்தது. அதற்கு முன்பிருந்த நெறி பாலியல் துன்புறுத்தலை மட்டுமே பேசியது. புதியது மிரட்டல், கேலி, இனத்தின் பேரால் இழிவுபடுத்துவது, ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்குவது, இணையம் வழியாகத் துன்புறுத்துவது எல்லாவற்றையும் பேசுகிறது. சம்பவம் ஒருமுறை நடந்தாலும், கடுமையானதாக இருந்தால் போதும். புகார் வந்த பிறகு முதலாளி நடவடிக்கை எடுக்காமல் சும்மா இருந்தால், வேலை வாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி பொறுப்பு அவர் தலையில் விழும். சமரச மத்தியஸ்த ஆணையமான சிசிஎம்ஏவில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பாகுபாடு, துன்புறுத்தல் தொடர்பான புகாருக்கு ஆறு மாதக் கெடு, வேலைநீக்கத்துக்கு 30 நாள்தான். இந்த 30 நாளைத் தவறவிட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கும். என்றைக்கு, யார் முன்னால், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

நம் வீடுகளில் நடக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று சட்டம் ஆண்டுக்கு மூன்று நாள் தருகிறது. கணவன், மனைவி, தாய், தந்தை, தாத்தா, பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் இறந்தால் எடுக்கலாம். மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை, தாய்மாமன் இல்லை, பெரியப்பா இல்லை. நமக்கோ துக்கம் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் உண்டு. தலைமகன் கொள்ளிவைத்துவிட்டு மூன்றாம் நாள் வந்து மெஷினில் உட்கார்ந்தால் அவர் கை தைக்கும், மனம் அங்கே இருக்காது. அந்தப் பதினாறாம் நாளுக்கு ஒரு நாள் விடுப்பை மறுபேச்சில்லாமல் கொடுத்த முதலாளியைத் தொழிலாளிகள் ஆயுளுக்கும் மறப்பதில்லை.

தீபாவளி இங்கே தேசிய விடுமுறை இல்லை. ஆனால் 1994-ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டத்தில் அருமையான ஒரு வழி இருக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிசம்பர் 26-இல் வேலைக்கு வந்து தீபாவளிக்கோ தைப்பூசக் காவடிக்கோ வீட்டில் இருக்கலாம். (புனித வெள்ளியை யாரும் மாற்றமாட்டார்கள். அன்றைக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில்தான் கூட்டம் முழுக்க நிற்கும்.) புரட்டாசியில் மாதம் முழுக்க மரக்கறி சாப்பிடுகிறவர்கள் டர்பனில் ஏராளம். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் இறைச்சி சுட்டு விருந்து வைக்கும்போது அவர்களுக்கு ஒரு தட்டு பீன்ஸ் கறியும் சோறும் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் நினைத்துப் பார்த்தால் போதும்.

பெரிய நிறுவனங்களில் ஆலோசகர் உண்டு, உதவித் திட்டம் உண்டு. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரதிநிதி தீயணைப்புக் கருவியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், யாருக்கு எந்த நேரம் வேலை என்று போடும் ரோஸ்டரையும் பார்க்கலாம். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் இஸ்திரி மேசைப் பக்கம் மின்விசிறி ஓடுகிறதா, குடிதண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். பத்துப் பேர் உள்ள சின்னப் பட்டறையில் இதெல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது. அவரும் வங்கிக் கடனோடும் வாடகையோடும் மல்லுக்கட்டுகிறவர்தான், அவருக்கும் இரவில் தூக்கம் இல்லை. அவரிடம் நான் முதலில் கேட்பது செலவில்லாத ஒன்றை: அடுத்த வார வேலை நேரத்தை இந்த வாரமே சொல்லுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் நடந்ததும் அதுதான். அந்தச் சூப்பர்வைசர் வேறு பிரிவுக்குப் போனார். லைனிலேயே பல ஆண்டு தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தார். டார்கெட்டை அவர் குறைக்கவில்லை, குறைக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. கிளாக் கார்ட் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டினார். வியாழக்கிழமை டீ டைமில் அடுத்த வாரம் எந்தெந்த நாள் ஓவர்டைம், யாரால் முடியும், யாரால் முடியாது என்று எல்லாரிடமும் கேட்டு அதில் எழுதுவார். குறை இருந்தால் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த லைனின் திங்கட்கிழமை நோட்டுகள் மற்ற லைன்களைப் போலவே ஒன்றிரண்டாகிவிட்டிருந்தன. வியாழக்கிழமை தோறும் பெண்கள் அந்தப் பலகை முன்னால் வரிசையாக நின்று, போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஷினுக்குத் திரும்புவார்கள். ஆண்ட்டிக்குப் போனில் படம் எடுக்க வராது. பக்கத்தில் நிற்கும் சின்னப் பெண்ணிடம் நீட்டி, "எனக்கும் ஒண்ணு புடிச்சுக் குடு கண்ணு" என்பார்.